அஜித்துக்கு ஒரு நல்ல நாள்

"திங்கக்கிழமை வேணாங்க டாக்டர். அஷ்டமி."

அடைக்கலம் இப்படிச் சொன்னதும் அனுசுயாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புத்தூர் மருத்துவமனை ஒன்றில் செல் ஆய்வுக்கூடம் அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு காய்ச்சலில் இதயம் பழுதாகி வீட்டோடு படுத்துவிட்டான் அடைக்கலத்தின் மகன் அஜித். இருபத்திரண்டு வயது. அவனுடைய ரத்தத்திலிருந்தே செல்களை எடுத்து, மூன்று மாதம் கண்ணும் கருத்துமாக வளர்த்து, தீப்பெட்டி அளவுக்கு இதயத் தசை உருவாக்கியிருந்தாள். அதைப் பழுதான இடத்தில் வைத்துத் தைத்தால் பையன் பிழைக்க வழியுண்டு. தசை தயாராகி இரண்டு வாரம் ஆகிறது.

அப்பாக்காரரோ அறுவை சிகிச்சை நாளைத் தள்ளிக்கொண்டே போனார். முதலில் கரிநாள் என்றார். அப்புறம் பையனுக்குச் சந்திராஷ்டமம் என்றார். இப்போது அஷ்டமி. போன் செய்து விசாரித்தால், அவனுக்கு இப்போது வலி ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவார். ஆனால் தினமும் சாயங்காலம் அரியமங்கலத்திலுள்ள தன் பட்டறையை மூடிவிட்டு, பஸ் பிடித்து வந்து, கண்ணாடிக் கிண்ணத்தில் அந்தத் தசை துடிப்பதைப் பார்த்துவிட்டுப் போக மட்டும் தவறுவதில்லை. பெற்ற பிள்ளை விஷயத்தில் கூடப் பஞ்சாங்கமா என்று அவளுக்கு ஆறவே இல்லை.

"செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான் இது தாங்கும். அப்புறம் துடிப்பு அடங்கிடும்" என்றாள். "படிச்சுப் படிச்சுச் சொல்றேன். புள்ள உயிரை விட உங்களுக்கு நாள் பெருசா?"

செவிடன் காதில் ஊதிய சங்குதான். அவர் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி இவரிடம் பேசிப் பயனில்லை, ஆம்புலன்ஸை அனுப்பிப் பையனை அழைத்து வந்துவிடுவது என்று அனுசுயா முடிவு செய்தாள். அதை அவரிடம் சொல்லிவிட்டுப் போனை எடுத்தாள்.

அடைக்கலம் பதறிக் கை நீட்டித் தடுத்தார்.

"அனுப்பாதீங்கம்மா. தயாராயிடுச்சுன்னு நீங்க போன் பண்ணின அன்னிக்குத்தான், அவனை ஓயாமரி சுடுகாட்டுல எரிச்சுட்டு வீட்டுக்குள்ள நுழைஞ்சேன். சொல்லியிருந்தா, இனிமே எதுக்குன்னு இதைத் தூக்கிப் போட்டிருப்பீங்க. எம்புள்ளயில இன்னும் உசுரோட இருக்கறது இது ஒண்ணுதாங்களே."