ஜக்கில் நின்ற கார்

மாகிரட் அக்காவின் பழைய காரில் இரண்டு கோளாறுகள். பிரேக்குக்கான ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு அணையவில்லை. வேகமானியின் முள் கண்டபடி ஆடியது. போன வருடம் கணவர் இக்னேசியஸ் இறந்ததிலிருந்து கார் ஓடவேயில்லை. விற்கும் முன் திருத்துவதற்காக, உட்துறைமுக வீதியிலுள்ள என் கராஜுக்குக் கட்டி இழுத்து வந்திருந்தார்.

இரண்டுக்கும் காரணம் பெரும்பாலும் சில்லின் வேகத்தை அளக்கும் சென்சர்தான். காரை ஜக்கில் தரைக்கு மேலே தூக்கி நிறுத்தி, நாலு சில்லையும் சென்சர்களையும் கழற்றி வைத்தேன். பிறகு சாவியைத் திருப்பினேன். முள் நாற்பதுக்கு ஏறியது.

"எங்கேயோ வயர் முட்டுது அக்கா."

முள் பத்துக்கு இறங்கி, மறுபடி ஏறியது. அக்கா கதிரையை விட்டு எழுந்து வந்தார்.

"வயர் இல்லை அஷ்பாக் தம்பி. மூதூரிலை வேலை முடிஞ்சு வரேக்கை, றோட்டோரத்து மாதா சுருவத்தடியிலை சிலுவை போட அவர் இப்பிடித்தான் ஸ்லோ பண்ணுறவர்."

"சும்மா இருங்கோ அக்கா." சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். முள் விழவில்லை.

அக்கா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கட வீட்டுக்குத் திரும்புற முடக்கிலை ஸ்பீட் குறைக்கேல்லை. இஞ்சதான் வாறார்."

முள் சைபருக்கு வந்தது. ஆளில்லாத சீற்றின் முன்னால் பிரேக் பெடல் மெல்ல அமிழ்ந்தது. பின்சுவரில் சாய்த்து வைத்திருந்த சில்லுகளின் மேல் பிரேக் விளக்கின் சிவப்பு வெளிச்சம் விழுந்தது.

அக்கா இடப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். சேலையை இழுத்து விட்டு, பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

சுவரில் சிவப்பு அணைந்தது. முள் ஏறத் தொடங்கியது.