இருபதாம் வருஷத்துப் புளி

புதுச் சாலைக்காக வெட்டப்போகும் புளியமரத்தில் அடையாளச் சிவப்பு இன்னும் காயவில்லை. அதன் நிழலிலேயே நாற்காலி போட்டு, போளூரிலிருந்து வந்த கணக்கர் ஏசுராஜ் நஷ்டஈடு கணக்கிடுகிறார். பின்னால் வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு என்ன மதிப்பு என்று சொல்லும் அட்டவணை அவர் மடியில் விரிந்திருக்கிறது. கிளை அசையும்போதெல்லாம் வெயில் பொட்டுப் பொட்டாக எண்களின்மேல் ஓடுகிறது. மரத்துக்காரி கெங்கம்மாள் எதிரே நின்று, உதிர்ந்த பழமொன்றின் ஓட்டை விரலால் நொறுக்குகிறாள். "அடுத்த வருஷத்துப் புளிக்கு ரூபாய்க்குத் தொண்ணூத்தோரு பைசாம்மா. போகப் போகக் குறையும். இருபதாம் வருஷத்துக்குப் பதினஞ்சு பைசாதான்." "இன்னாத்துக்குங்க கொறையுது? வயசாவ வயசாவ மரம் ஜாஸ்தியாத்தானங்க காய்க்குது?" "பணத்த இப்பவே குடுத்துடறோமில்ல. பேங்க்ல போட்டா வட்டியோட வளந்துடும்மா." அவள் பள்ளத்தாக்கைப் பார்க்கிறாள். பேங்க் இருக்கும் ஊர் அந்தப் புகைமூட்டத்துக்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. மரம் இன்னொரு பழத்தை உதிர்க்கிறது. அந்தச் சத்தத்தில் ஏசுராஜின் பேனா ஒரு கணம் நின்றுவிடுகிறது. கெங்கம்மாள் தன் நிறைமாத வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்கிறாள்: "அப்போ இருபதாம் வருஷம் இதுக்கு எடுக்கிற பசியும் பதினஞ்சு பைசாவுக்குத்தான் இருக்குங்களா?"