எஞ்சினுக்குத் திருநீறு

தேநீர் குடித்துவிட்டுத் திரும்பிய சரவணமுத்து கராஜ் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய கார் பொனட்டைத் திறந்துகொண்டு நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலும் பக்கமும் வெள்ளை வெளேரென்று பூசியிருந்தது.

பக்கத்தில் கராஜ்கார அழகையா. நெற்றி நிறையத் திருநீறு. பூசைக்கு நிற்பவர் போலக் கைகட்டி, எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது என்ன கூத்து?"

"பூசி விட்ருக்கேங்க சேர். கொஞ்ச நேரம் ஓடட்டும், தானாக் காட்டிக் குடுத்துரும்."

"ஆர் காட்டுறது? பிள்ளையாரோ?"

எதிரே கொஸ்லந்த பஸ்ஸுக்கு நின்ற நாலைந்து பேர் சிரித்தார்கள். சபை கூடிவிட்டது என்றதும் சரவணமுத்துவுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

அவர் பிரதிக் கல்விப் பணிப்பாளர், விஞ்ஞானப் பட்டதாரி. இந்த இரண்டையும் வணக்கம் சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு, பெரகல சந்தியில் தகரக் கொட்டகைக்குள் கராஜ் நடத்தும் ஒரு தோட்டத்து ஆளிடம் காரைக் கொடுக்க நேர்ந்ததே அவருக்குப் பெரிய அவமானம்.

ஆனால் வேறு வழியில்லை. எழுபத்தெட்டாம் ஆண்டுக் கார் அது. நின்ற இடத்திலெல்லாம் ஒயிலைச் சொட்டிவிட்டுத்தான் நகரும். பெரிய பெரிய கராஜ்களில் எல்லாம் அடியில் இருந்த கேஸ்கட்டை மாற்றிப் பார்த்தார்கள், ஒழுக்கு நிற்கவில்லை. போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக நிற்க, காவலாளி ஓடி வந்து அவர் காருக்கு அடியில் அட்டைப் பெட்டி விரித்தார். பிள்ளைகள் சிரித்த சிரிப்பு இன்னும் அவர் காதை விட்டுப் போகவில்லை.

இன்றைக்குப் பதினொரு மணிக்குக் கொஸ்லந்த பள்ளிக்கூடம் ஒன்றில் ஆய்வுகூடத் திறப்பு விழா. அவர்தான் பிரதம விருந்தினர். 'மூடநம்பிக்கையை முறியடிப்போம்' என்று பேசப்போகிறார். முற்றத்துக்குப் புதிதாகக் கல் பதித்திருக்கிறார்களாம். அங்கே அட்டை விரிக்கிற நிலைமை வரக்கூடாது என்றுதான் காலை எட்டு மணிக்கே இங்கு வந்து காத்துக் கிடந்தார்.

"வந்த நேரம் துவக்கம் மண்ணெண்ணெயும் பிரஷுமா எஞ்சினைக் கழுவிக்கொண்டு நிண்டீர். சரி எண்டு பொறுத்தன். இப்ப அபிஷேகம் முடிஞ்சு அலங்காரமோ?"

சபை இன்னும் பலமாகச் சிரித்தது.

"இல்லீங்க சேர். ஒழுகுற எடம் ஒண்ணா இருக்கும், சொட்டுற எடம் வேறயா இருக்கும். அதுனாலதான்..."

"அதாலதான் சாமியிட்டக் கேக்கிறீரோ?"

சரவணமுத்து காரருகே குனிந்தார். கைக்குழந்தை இருக்கிற வீட்டு வாசனை அடித்தது. கராஜுக்குள்ளேயே பிள்ளையும் வளர்க்கிறார்களாக்கும் என்று மூக்கைச் சுளித்தார். சுற்றிலும் தொட்டில் எதையும் காணவில்லை. அதற்காக அவர் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

"முதல்ல எஞ்சினை நிப்பாட்டும்."

"இன்னும் பத்தே நிமிஷங்க..."

"நிப்பாட்டும் எண்டன்!"

எஞ்சின் நின்றது. சரவணமுத்து கால்சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத, முகம் துடைக்கிற வெள்ளை லேஞ்சியை உருவினார்.

"ஐயோ சேர், கை வைக்காதீங்க!"

"ஏன், தெய்வக் குத்தமோ?"

துடைக்கத் தொடங்கினார். மேலே துடைத்தார், பக்கத்தில் துடைத்தார், பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத இடுக்கிலும் கையை விட்டுத் துடைத்தார். விரல் சுட்டது. கொள்கைக்காகப் பொறுத்துக்கொண்டார்.

"உங்கட ஆக்கள் இதாலதான் இன்னும் தோட்டத்து லயத்துக்குள்ளயே கிடக்கிறீங்கள். மெஷினுக்கும் மந்திரம், மாட்டுக்கும் மந்திரம்!"

ஏதோ சொல்ல வந்த அழகையா அந்தப் பேச்சைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். அதன் பிறகு தடுக்கவில்லை.

வெள்ளையெல்லாம் போயிற்று. லேஞ்சி கறுத்துப் போயிருந்தது. சரவணமுத்து அதைத் தூக்கிச் சபைக்குக் காட்டினார்.

"பாத்தீங்களோ, இவர் கழுவின லட்சணம்! இப்ப விஞ்ஞானமாச் சொல்லும், ஒயில் எங்கையிருந்து ஒழுகுது?"

அழகையா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பத்தேகால். உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கட் அட்டைப் பெட்டியைப் பிரித்து, தட்டையாக மடித்துக் கொண்டுவந்து காரின் பின் சீட்டில் வைத்தார்.

"உது என்னத்துக்கு?"

"கொஸ்லந்தயில காருக்கு அடியில விரிக்கங்க. மறுபடி கழுவிக் காயவச்சு, பவுடர் போட்டு ஓடவிட இனி நேரம் இல்லீங்க."

"பவுடரோ?"

"ஆமாங்க, கைப்புள்ளைக்குப் போடுற பவுடர். எங்க ஒழுகுதோ அங்கேருந்து மட்டும் வெள்ளையில கறுப்பாக் கோடு எறங்கும். இன்னும் பத்து நிமிஷம் ஓடுனா டோர்ச் அடிச்சுப் பாத்துருப்பேன்."

கொஸ்லந்த பஸ் வந்து நின்றது. ஒருவரும் ஏறவில்லை.

சரவணமுத்து கையிலிருந்த கறுத்த லேஞ்சியைப் பார்த்தார். குழந்தை வாசனை இப்போது அங்கிருந்துதான் வந்தது.

"அப்ப... எவடத்திலை ஒழுகுது?"

"அது இனி உங்க லேஞ்சிக்குத்தாங்க தெரியும், சேர்."