பெற்றவர் விதி

"அப்பா தவறிட்டார் சார். பரீட்சை அன்னிக்குத்தான் அடக்கம். மறுதேர்வு வேணும்."

பேராசிரியர் விண்ணப்பத்தைப் பார்த்தார். "வளர்ப்புத் தந்தைன்னு போட்டிருக்கே? பெத்தவர் இறந்தாத்தான் மறுதேர்வும்மா. விதின்னா விதிதான்."

"பெத்தவர் என்னைக் கைக்குழந்தையிலயே விட்டுட்டுப் போயிட்டார் சார். தோள்ல போட்டு வளர்த்தவர் இவர்தான்."

"பெத்தவர் உயிரோட இருக்காரா?"

"இருக்கார். அம்மா இப்பத்தான் அவர் யாருன்னே சொன்னாங்க."

"அப்போ பூஜ்யம்தான்." பட்டியலில் சிவப்பு மையால் போட்டே விட்டார். பிறகு மனசு கேட்காமல், "அவரையாவது போய்ப் பாரேன். எங்கே இருக்கார்?" என்றார்.

"எதிர்லதான் உட்கார்ந்திருக்கார், சார்."

பேராசிரியர் நிமிர்ந்தார். அவள் தன் அம்மாவின் பெயரைச் சொன்னாள். இருபது வருடமாக அவர் வாய்விட்டுச் சொல்லாத பெயர்.

அவர் பேச வாயெடுப்பதற்குள் அவள் வெளியேறியிருந்தாள்.