கணக்கில் வராத நூறு நாள்

சியோலில் ஒரு மாடிக் கஃபே. ஜன்னலோர மேசையில் மாலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சின்ன கேக்கின் மேல் ஒன்று, பூஜ்யம், பூஜ்யம் என்று மூன்று மெழுகுவர்த்திகளை போராம் நேராக நிறுத்துகிறாள். எதிரே வந்து உட்காரும் கியுஹான் சிரிக்கிறான். "என்னது இது, நூறு?" "நாம காதலிக்க ஆரம்பிச்சு நூறு நாள், ஓப்பா." "யாரு எண்ணச் சொன்னா? 'இன்னிக்குதான் முதல் நாள்'னு நான் சொல்லவே இல்லையே!" உண்மைதான். இங்கே அதை வாய்விட்டுச் சொன்னால்தான் காதல். சொல்லாதவரை எத்தனை முத்தமும் கணக்கில் வராது. சுரங்க ரயில் வாசலில் அவன் முத்தமிட்ட அன்றே எண்ணத் தொடங்கியது அவள் தப்பு. அவள் காது மடல்கள் கொதிக்கின்றன. "அப்போ நான் உங்களுக்கு யாரு?" "எதுக்குப் பேரெல்லாம் வைக்கணும்? இப்போ யாரு அப்படி மாட்டிக்கிறா? ஜாலியாதானே இருக்கோம்." ஸ்பூனால் க்ரீமை வழித்து நக்குகிறான். "கால் முறிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தீங்களே, மூணு நாள் மூத்திரக் குடுவையைக் கழுவி வச்சேனே, அதுவும் ஜாலியா?" பக்கத்து மேசையில் காபி உறிஞ்சும் சத்தம் நிற்கிறது. "மெதுவா பேசு. எல்லாரும் பாக்குறாங்க." "பாக்கட்டும்! முத்தம் கொடுக்கறப்போ இருந்த வாய் 'முதல் நாள்'னு சொல்ல மட்டும் எங்கடா போச்சு, கியுஹான்?" நான்கு வயது மூத்தவனை, 'ஓப்பா' என்ற மரியாதையை விட்டுவிட்டு, அவள் வெறும் பெயர் சொல்லி அழைப்பது இதுதான் முதல் தடவை. அவன் வாயருகே ஸ்பூன் அப்படியே நிற்கிறது.