புது டேப் ஒட்டிய டிவிகள்

கிடங்கில் மூன்று பேர் இருக்கிறார்கள்: நிதி மேலாளர், தணிக்கைக்கு வந்த பெண், கிடங்குப் பொறுப்பாளர். கூரைத் தகடு வெயிலில் நெட்டி முறிக்கிறது. நாளை கம்பெனியின் ஆண்டறிக்கை வெளியாகிறது. லாபம் இரு மடங்கு. அதில் பெரும்பகுதி, பழுதென்று திரும்பி வந்த இந்த டிவிகள்தான். புது டேப் ஒட்டி, புதுச் சரக்கென்று பட்டியலில் ஏற்றியிருக்கிறார்கள். ஏற்றச் சொன்னவர் மேலாளர், கையெழுத்து பொறுப்பாளருடையது. தணிக்கைப் பெண் பெட்டிகளை எண்ணவில்லை. ஒன்றின் விளிம்பை விரலால் தடவுகிறாள். டேப்புக்கு அடியில் பழைய டேப் தடிப்பாக நெருடுகிறது. “இதைப் பிரிங்கண்ணே.” மேலாளர் சிரிக்கிறார். “பேக்கிங் கெட்டுடும் மேடம்.” “உள்ள என்ன கெட்டிருக்குன்னு பாக்கத்தான் சார் வந்தேன்.” பொறுப்பாளரின் கத்தி மெதுவாக இறங்குகிறது. திரையில் குறுக்கே விரிசல்; மூலையில் ஏதோ ஒரு வீட்டுக் குழந்தை ஒட்டிய நட்சத்திரம். மேலாளரின் சிரிப்பு நிற்கிறது. “என்னண்ணே இது? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலியே?” “சார்... நீங்கதானே சார்...” “பட்டியல்ல யார் கையெழுத்து?” பொறுப்பாளர் தணிக்கைப் பெண்ணைப் பார்க்கிறார். அவள் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறாள். மேலாளர் பொறுப்பாளரிடம் கையை நீட்டுகிறார். “போலீஸ் வர்ற வரைக்கும் உங்க ரூம்லயே உக்காருங்க. சாவியக் குடுங்க.” பொறுப்பாளர் இடுப்பிலிருந்து கொத்தை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தன் சின்ன அறைக்குள் நுழைகிறார். மேலாளர் கதவைச் சாத்தி, சரியான சாவியைத் தேடி எடுத்துப் பூட்டுகிறார்.