டிஷ்யூ பாக்கெட் வைத்த இடம்

“நுழைவுத்தேர்வுக் கட்டுரையில ஆறுக்கு ரெண்டு, சுஷ்மி. ரெண்டு! இதைப் பார்த்த பிறகும் சீட் குடுப்பாங்களா?”

“கணக்குல அறுபதுக்கு ஐம்பத்தெட்டு எடுத்திருக்கேல்ல? இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டுட்டாங்கல்ல? முதல்ல பிரியாணி வாங்கு லா.”

நஸீஹாவுக்கும் சுஷ்மிதாவுக்கும் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை. மாலைநேரப் பட்டப்படிப்புக்கு நஸீஹா விண்ணப்பித்திருந்தாள். இரண்டரை மணிக்கு நேர்காணல்.

தேக்கா உணவங்காடியில் சனிக்கிழமைக் கூட்டம். மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்து இடம் பிடித்த பிறகுதான் நஸீஹா சுஷ்மிதாவோடு வரிசைக்குப் போனாள். தட்டோடு திரும்பினால், பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண்மணி பாக்கெட்டை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“அக்கா, இது எங்க இடம். டிஷ்யூ வச்சிருந்தேனே!”

“ஏன், டிஷ்யூவா சாப்பிடப் போகுது?”

“சிங்கப்பூர்ல டிஷ்யூ வச்சா வச்சதுதான்! நாளைக்கு உங்க டிஷ்யூவைத் தள்ளிட்டு யாராச்சும் உட்கார்ந்தா சும்மா இருப்பீங்களா?”

“வாய் நல்லாத்தான் இருக்கு” என்றபடி பெண்மணி தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். சுஷ்மிதாவுக்குச் சிரிப்பில் புரையேறியது.

இரண்டு மணிக்கு நஸீஹா கல்லூரியின் காத்திருப்பு அறைக்குள் நுழைந்தாள். அங்கே அதே பட்டுச்சேலை! மடியில் கோப்பு, மூக்கில் கண்ணாடி.

செத்தேன் என்று நினைத்துக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க மேடம். டிஷ்யூ ஒண்ணும் சட்டம் இல்ல. உங்களைத் தோசையோட எழுப்பி விட்டுட்டேன்.”

பெண்மணி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உட்காரு. கட்டுரையில எவ்வளவு?”

“ரெண்டு, மேடம்.”

“ஏன்னு கேட்டா என்ன சொல்லுவே?”

நஸீஹா மூச்சுவிடாமல் சொன்னாள். “வேலையில ஒவ்வொரு பெட்டி லேபிளையும் மூணு தடவை சரிபார்ப்பேன். நாலு வருஷத்துல ஒரு பெட்டிகூட தப்பான விமானத்துல ஏறினதில்ல. கட்டுரையோட முதல் பத்தியையும் மூணு தடவை சரிபார்த்தேன். அதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு, மேடம்.”

பெண்மணி கோப்பைத் திறந்து மளமளவென்று எழுதினார்.

“நல்ல பதில். இதையே சொல்லு.”

நேர்காணல் அறையின் கதவு திறந்தது. அவர் எழுந்து விறுவிறுவென்று உள்ளே போனார். பத்து நிமிடத்தில் வெளியே வந்தவர், நஸீஹாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்திவிட்டு நடந்தார்.

என்னைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார்! நஸீஹாவின் கால் தரையில் இல்லை.

உள்ளே வேறு இருவர் இருந்தார்கள். எதிர்பார்த்த கேள்விதான். லேபிள், மூன்று தடவை, நேரம் முடிந்தது என்று அவள் சொல்லச் சொல்ல, இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

சீட் கிடைத்துவிட்டது. சரக்குக் கிடங்கில் சுஷ்மிதாவைத் தூக்கிச் சுற்றினாள் நஸீஹா.

“எல்லாம் அந்த மேடம் செஞ்சதுடி!”

“அவங்களைத் தோசையோட எழுப்பி விட்டதுக்கா? இறக்கி விடு லா!”

முதல் நாள் வகுப்புக்கு, மேடத்துக்கென்று பாண்டான் கேக் வாங்கிக்கொண்டு போனாள். பேருந்து தாமதம். வகுப்பில் ஒரே ஒரு நாற்காலிதான் காலி. அதன்மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். பக்கத்து நாற்காலியில், மடியில் கோப்போடு, அதே பெண்மணி!

“உனக்குத்தான் இடம் பிடிச்சு வச்சேன், உட்காரு” என்று பாக்கெட்டை எடுத்தார் அவர். “எனக்குக் கட்டுரையில ஒண்ணுதான். மருந்துக்கடையில வேலை பார்க்கிறேனா, உன் பதில்ல பெட்டிய எடுத்துட்டு மாத்திரை பாட்டில்னு போட்டு இன்டர்வியூல உனக்கு முன்னாடியே சொல்லிட்டேன் லா!”